பத்துக் காம்பராத் திட்டம்

லயத்துப் பிள்ளைகளுக்கு இடம் பிரிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. 10க்கு 12 அடிக் காம்பராவில் பாட்டி, அப்பா, அம்மா, கல்யாணம் கட்டிய அண்ணன், ஓ.எல். எழுதும் தங்கை என்று அத்தனை பேரையும் ஒரு அலுமாரி, ஒரு பழைய சேலை இரண்டையும் வைத்தே பிரித்துக் காட்டியவர்கள் நாங்கள். ஆனால் கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் இந்த ஞானமெல்லாம் இஸ்தோப்பிலேயே நின்றுவிடுகிறது.

பதுளையிலிருந்து பசறை போகிற பாதையில் எங்கள் தோட்டம். அதே பாதையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருக்கும் அக்கா மகன் ஒரு பழைய லேப்டாப் வாங்கியிருந்தான். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். "லினக்ஸ் போடப் போறேன், பக்கத்துல இருங்க மாமா" என்றான். போய்ப் பார்த்தால் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் திட்டமே தயார்: ரூட், பூட், ஹோம், வார், டெம்ப், ஆப்ட், ஸ்வாப் என்று பத்து பார்ட்டிஷன். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஜிபி என்று தசமதானத்தில் வேறு கணக்கு.

"500ன்னு சொல்லித்தான் வித்தாங்க. இதுல 465ன்னு காட்டுதே மாமா?"

விற்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், சிஸ்டம் 1024 ஆக எண்ணுகிறது, இடம் எங்கேயும் போய்விடவில்லை என்று விளக்கினேன். மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த அக்காவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. "சாக்குக்கு, ஈரத்துக்குன்னு கழிச்சிருப்பானுங்க" என்றாள்.

"இன்னும் இருக்குக்கா. இஎக்ஸ்டி4ன்னு ஃபார்மட் பண்ணினா, ஒவ்வொரு பார்ட்டிஷன்லயும் 100க்கு 5 வீதத்த ரூட்டுக்குன்னு ஒதுக்கிரும். டிஸ்க் நிறைஞ்சு நம்மளால ஒரு எழுத்துகூட எழுத முடியாதப்பவும் ரூட் மட்டும் உள்ள வந்து வேலை பாக்கலாம்."

"ரூட்டுன்னா யாரு?"

"பெரிய தொர."

"கம்ப்யூட்டருக்குள்ளயும் பங்களாவா!"

400 ஜிபியில் ஹோம் வைத்தால் தொரைக்கு 20 ஜிபி போகும். ஹோமில் அவருக்கு வேலை கிடையாது, டியூன்2எஃப்எஸ் என்று ஒரு கட்டளை கொடுத்து அந்த ஒதுக்கீட்டைப் பூச்சியமாக்கிவிடலாம் என்றேன். எந்தத் தொழிற்சங்கத் தலைவரின் பேச்சுக்கும் அக்கா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து பார்ட்டிஷன் அட்டவணை. பழைய எம்பிஆர் முறையில் பிரைமரி பார்ட்டிஷன் நாலுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் நாலில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைப் போட வேண்டும். லினக்ஸ் அவற்றை 5ஆம் இலக்கத்திலிருந்து எண்ணும். இதை நான் சொல்லி முடிக்கவில்லை.

"பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிக்கிறதுதானே?" என்று ஒரு குரல். பக்கத்துக் காம்பரா பெரியப்பா, ஓய்வு பெற்ற கங்காணி. வாசல்வரை வரவில்லை. எங்கள் லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது, அவர் கட்டிலில் படுத்தபடியே கலந்துகொண்டார். நான் படித்த எந்தக் கையேடும் இதை இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை. இப்போதைய ஜிபிடி முறையில் 128 வரை போகலாம் என்று நான் சொன்னதுதான் தாமதம், மருமகன் கரண்ட் பில்லில் காலியிடம் தேட ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பத்துக்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பல பேர் ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தில் வேலை பார்த்த நாளில், லாக்கும் மெயிலும் பெருகி வார் நிரம்பினாலும் மற்ற வேலைகள் நிற்கக்கூடாது என்று தனித்தனியாகச் சுவர் எழுப்பினார்கள். எங்கள் லேப்டாப்புக்கு மருமகன் ஒருவன்தான் குடி. ரூட்டுக்கு அவன் ஒதுக்கியிருந்தது 15 ஜிபி. ஒரு வருசத்து அப்டேட்டிலேயே அது மூச்சு முட்டும். ஹோமில் 300 ஜிபி சும்மா கிடக்கும், ஆனால் அது சுவருக்கு அந்தப் பக்கம். இஎக்ஸ்டி4ஐச் சுருக்க வேண்டுமென்றால் அதைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் சுருக்க முடியும்.

சுவரை நகர்த்தும்போது கரண்ட் போனால் இன்னும் விசேஷம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் உட்கார்ந்திருந்த நாடு இது. திடீரென்று மெஷின் அணைந்தால் ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக வைத்திருக்கத்தான் ஜர்னல். பாதி நகர்த்திய பார்ட்டிஷனுக்கு அது பொறுப்பேற்காது. பேட்டரி செத்த லேப்டாப்பில் பார்ட்டிஷனை நகர்த்துவது வீரம் அல்ல.

பேரம் பேசி மூன்றுக்கு இறக்கினேன்: பூட் ஆக இஎஃப்ஐக்கு 512 எம்பி, ரூட்டுக்கு 60 ஜிபி, மிச்சமெல்லாம் ஹோம். நாளைக்கு வேறு லினக்ஸ் மாற்றினாலும் ஹோமை ஃபார்மட் பண்ணாமல் விட்டால் சாமான் அப்படியே இருக்கும். ராமைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் என்பது பழைய கணக்கு. உபுண்டுவே 17.04லிருந்து, தானாகப் பிரிக்கும்போது, தனி பார்ட்டிஷனை விட்டுவிட்டு ஸ்வாப் ஃபைலுக்கு மாறிவிட்டது. இந்த மூன்றும் அதிகம் என்று நினைப்பவர்கள் இஎஃப்ஐயையும் ரூட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஒரு குறையும் வராது.

"அப்ப ஹோம் தனியா இருக்கிறதால நம்ம போட்டோ, நோட்ஸ் எல்லாம் பத்திரம்தானே மாமா?"

இதற்கும் நடுச்சுவரைத் தாண்டித்தான் பதில் வந்தது. "லயத்துல ஒரு காம்பரா பத்திக்கிட்டா அடுத்தது தப்புமாடா?"

தப்பாது. எத்தனை சுவர் வைத்தாலும் கூரை ஒன்றுதான், டிஸ்க் ஒன்றுதான். டிஸ்க் செத்தால் பத்து பார்ட்டிஷனும் சேர்ந்தே சாகும். ஆகவே பிரிக்க உட்காருமுன் முக்கியமானதையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள், அந்த டிஸ்க்கை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு மூன்றாகப் பிரித்தாலும் சரி, முப்பதாகப் பிரித்தாலும் சரி.