எளாவூரில் இலையுதிர்காலம்

பத்து நாளில் ஏழு நாடு பார்த்துத் திரும்பிய எங்கள் தெருக்காரர், சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டும் கழுத்தில் கட்டம்போட்ட ஸ்கார்ஃபுமாக எளாவூர் ரயில் நிலையத்தில் நிற்கிறார். பாராட்டத்தான் வேண்டும். வேர்க்குரு யாருக்கும் வரும்; பாரீஸ் வேர்க்குரு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"ஷெங்கன் விசா இருந்தா எல்லையில வண்டி நிக்கவே நிக்காது சார்" என்கிறார். எங்கள் சோதனைச்சாவடி லாரி வரிசையைப் பார்த்தால் அவருக்கு நெஞ்சு வலிக்கிறது. சிப்காட் புகையை மட்டும் மன்னித்துவிட்டார், ஆல்ப்ஸ் மூடுபனி மாதிரி இருக்கிறதாம். ஊருக்கே ஆளுக்கொரு கோட்டு கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. கோட்டைப் பார்த்தால் குளிர் தானாக வந்து சேரும்.

ஸ்கார்ஃப் ஆம்ஸ்டர்டாமில் வாங்கியது. பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி, கட்டமும் பூவும் போட்ட நம் துணிகளைக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பாவுக்கு மோகம் தலைக்கேறி, 1686இல் பிரான்ஸ் அரசு இந்திய அச்சுத்துணிகளுக்குத் தடையே போட்டது.

அதே கட்டத்தில் கைலி கட்டிய ஒருவர் பிளாட்பாரத்தில் எங்களைக் கடந்து போனார். நம்மவர் முகம் சுளித்தார்.

"நம்மாளுங்களுக்கு டிரஸ் சென்ஸே கிடையாது சார்."