ஆடும் தோளுக்கு அசராத பதில்கள்

கே: தோள் மூட்டு மாற்றி எட்டு வருஷம் ஆகிறது. இப்போது கையைத் தூக்கினால் வலி. கழன்றுவிட்டதா?

ப: எக்ஸ்ரே பார்க்காமல் என்னாலும் சொல்ல முடியாது, உங்கள் பக்கத்து வீட்டுக்காரராலும் சொல்ல முடியாது. பழைய படங்களைத் தேடி எடுங்கள். புதுப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் மூட்டு நகர்ந்த கதை தெரியும்.

கே: முதலில் கழல்வது பந்தா, கிண்ணமா?

ப: பெரும்பாலும் கிண்ணம். பந்துக்குக் கை எலும்புக்குள் நீளத் தண்டு இருக்கிறது. கிண்ணத்துக்குக் கிடைத்ததோ தோள்பட்டை எலும்பில் கொஞ்சூண்டு இடம்!

கே: சிமென்ட் வைத்து ஒட்டியதுமா ஆடும்?

ப: ஆடும். பந்தை நடுவில் பிடித்து வைப்பவை தோளைச் சுற்றிய நான்கு தசைகள். அவற்றின் நார் கிழிந்தால் பந்து மேலேறும். கிண்ணத்தின் ஒரு விளிம்பு அமுங்கும், மறு விளிம்பு தூக்கும். டாக்டர்கள் வைத்த பெயர் 'ஆடுகுதிரை'. வருஷக்கணக்கில் குதிரை ஆடினால் எந்தச் சிமென்ட் தாங்கும்?

கே: காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, ரத்தப் பரிசோதனையும் நார்மல். டாக்டர் மட்டும் 'இன்ஃபெக்‌ஷனாக இருக்கலாம்' என்கிறார். பயமுறுத்துகிறாரா?

ப: அந்த டாக்டரை விட்டுவிடாதீர்கள்! க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்றொரு கிருமி. முகப்பருவில் பேர் வாங்கியது. தோள் பக்கத்துத் தோலிலும் குடியிருக்கும். மூட்டுக்குள் புகுந்தால் சத்தமே போடாது. ஆய்வகத்தில் வளர்ந்து தலைகாட்ட இரண்டு வாரம்கூட எடுக்கும். ஐந்தாம் நாளே 'கிருமி இல்லை' என்று எழுதிவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் மறு ஆபரேஷனில் பல இடங்களிலிருந்து திசு எடுத்து அனுப்புகிறார்கள்.

கே: பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது, இல்லையா?

ப: மாட்ட எலும்பு வேண்டுமே! தேய்ந்த பிளாஸ்டிக் துகள்கள் கிளப்பும் அழற்சியில் எலும்பு கரைந்து குழி விழுந்திருக்கும். இடுப்பெலும்பிடம் கடன் வாங்கி நிரப்புவதுண்டு. நார்களும் போயிருந்தால் 'ரிவர்ஸ்' மூட்டு: பந்து தோள்பட்டைக்கு, கிண்ணம் கைக்கு. பிரான்சின் டிஜோன் நகரத்து சர்ஜன் பால் கிராமோன் 1980-களில் கொடுத்த வழி. கையைத் தூக்கும் பொறுப்பைத் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை ஏற்கும்.

கே: உலகின் முதல் செயற்கைத் தோள்?

ப: 1893, பாரிஸ். பியான் என்ற சர்ஜன், காசநோய் அரித்த தோளில் பிளாட்டினமும் ரப்பரும் வைத்தார். செய்து கொடுத்தவர் ஒரு பல் டாக்டர்! சுமார் இரண்டு வருஷத்தில் கழற்ற வேண்டி வந்தது. காரணம், கிருமி.

கே: மறு ஆபரேஷனுக்குப் பிறகு கை பழையபடி உயருமா?

ப: வலி குறைய நல்ல வாய்ப்பு உண்டு. உயரம் முதல் தடவை அளவுக்கு வராமல் போகலாம். கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஏன் கழன்றது? கிருமிக்குச் சோதித்தீர்களா?