பஞ்சாங்கமும் கிரானும்

எங்கள் வீட்டு ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது. வருஷா வருஷம் அப்பா தபால் ஆபீஸுக்குப் போய்ப் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவார். மனிதர்களில் யாருக்கும் லைசென்ஸ் இல்லாத வீடு அது. ஆகவே ரேடியோ சொன்னதை நாங்கள் கேட்டு நடந்ததில் ஆச்சரியமில்லை.

திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமம், 1970-கள். வால்வு ரேடியோ குமிழைத் திருகியதும் பேசிவிடாது. உள்ளே சூடேறி, பச்சைக் கண் விழிக்க அரை நிமிஷமாகும். அதனால் ஏழே கால் டெல்லிச் செய்திக்கு ஏழு பதினாலுக்கே அப்பா திருகிவிடுவார். செய்தி வாசிக்கும் சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லும்போது அம்மா இட்லிப் பானையை இறக்குவாள். செய்தி முடியும்போது நான் தட்டைக் கழுவியிருக்க வேண்டும். மணியோசை கேட்டால் அப்பா கைக்கடிகாரத்தைச் சரிசெய்வார். ஊரே அப்படித்தான். ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு எங்கள் பக்கம் 'ரேடியோ நெல்' என்று பெயர். வானொலி சொல்லி விதைத்த நெல். தானியங்கி என்ற சொல்லை அப்போது நான் கேட்டதில்லை. அப்படி வாழ்ந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இப்போது சென்னையில் அடுக்குமாடி. ஆகாசவாணி இணையத்தில் ஓடுகிறது. ரேடியோவுக்கு நான் அடங்கிய காலம் போய், அதை அடக்கும் காலம் வந்துவிட்டதாக நினைத்து, பழைய மேஜைக் கணினியில் லினக்ஸ் ஏற்றினேன். அதில் கிரான் என்றொரு வேலைக்காரன் இருக்கிறான். எந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும், காத்திருந்து செய்வான். ஏழே காலுக்கு எம்பிவி என்ற ஒலி இயக்கியை எழுப்பி, செய்தி ஓடையைத் திறந்து, பத்து நிமிஷத்தில் மூடு என்று எழுதினேன்.

முதல் நாள் கணினி மௌனமாக இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு ஆளில்லாத வீட்டில் என்னவோ பேசியிருக்கிறது. கணினியின் நேர மண்டலத்தை லண்டனிலேயே விட்டிருந்தேன். அதைத் திருத்திய பிறகும் செய்தி அரை நிமிஷம் தாமதமாகத்தான் வந்தது. இணையத்தில் ஒலி சில விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு வருகிறது; இரண்டு மூன்று துண்டு கைக்கு வந்த பிறகே ஓடத் தொடங்கும். வால்வு சூடாகிற அதே அரை நிமிஷம். ஐம்பது வருஷ முன்னேற்றத்தில் பச்சைக் கண்தான் காணாமல் போயிருக்கிறது. மணியோசையும் தாமதம், இப்போது ரேடியோதான் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

உண்மையான ஆசை ஆராதனைதான். தியாகராஜர் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமியன்று, திருவையாற்றில் காவிரிக் கரையில் வரிசையாக உட்கார்ந்து அவருடைய ஐந்து கீர்த்தனைகளான பஞ்சரத்தினம் பாடுவார்கள். ஆகாசவாணி நேரடியாக ஒலிபரப்பும். 2023-இல் அது ஜனவரி 11. 'காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி நேரம் பதிவு செய்' என்று முந்தின இரவே எழுதி வைத்தேன். முதல் ராகம் நாட்டையிலிருந்து கடைசி ராகம் ஸ்ரீ வரை சுத்தமாக விழுந்தது. நாலு பேருக்கு அனுப்பிப் பெருமையடித்துக்கொண்டேன். வரியை அழிக்கவில்லை.

2024 ஜனவரி 11 அன்று கிரான் சரியாக ஒன்பதுக்கு எழுந்து, ஏதோ நிகழ்ச்சியை ஒரு மணி நேரம் சிரத்தையாகப் பதிவு செய்துவிட்டுப் படுத்துக்கொண்டான். ஜனவரி 30 காலை, நான் ஆபீஸ் பஸ்ஸில் இருக்கும்போது ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"கௌளை ஆரம்பிச்சாச்சு, கேக்குறியா?"

"இன்னைக்கா?"

"பின்ன? பஞ்சமி இன்னைக்குத்தானேடா."

கிரானுக்கு ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. பஞ்சாங்கத்துக்கும் ஐந்து அங்கங்கள்: திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம். இரண்டுக்கும் பொதுவானது கிழமை மட்டும்தான். கிரானிலும் நட்சத்திரம் உண்டு, * என்று. ஆனால் இருபத்தேழு இல்லை, ஒன்றே ஒன்று. 'எதுவானாலும் சரி' என்பது அதன் பலன்.

அந்த நட்சத்திரத்தையே நம்பினேன். 2025-க்குத் தேதிக் கட்டத்தில் * போட்டேன். ஜனவரி முழுக்கத் தினமும் ஒன்பதுக்குப் பதிவு. என்றைக்குப் பஞ்சமி வந்தாலும் தப்பாது. மாதக் கடைசியில் வன்தட்டில் 31 கோப்புகள், பெயர்கள் வெறும் தேதிகள். எதில் ஆராதனை? தினசரிக் காலண்டரைப் புரட்டித் திதி பார்த்தேன். 18, சனிக்கிழமை. அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்திருக்க வேண்டும். கணினி பார்த்துக்கொள்ளும் என்று மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்.

கோப்பைத் திறந்தேன். தொடக்கத்தில் நிறைய அறிவிப்பு, பிறகு நாட்டை. அறுபது நிமிஷம் என்று நான் கொடுத்திருந்த கட்டளைப்படி, ஸ்ரீ ராகம் பாதியில் அறுந்தது. மீதி முப்பது கோப்புகளை இன்னும் கேட்கவில்லை.

அம்மா அன்று பஞ்சரத்தினம் முழுவதையும் கேட்டுவிட்டு, டிரான்சிஸ்டரை அணைத்த பிறகுதான் சாப்பிட்டாளாம்.