படம் வந்துருச்சா?

லேப்டாப் திரையில் கோடு விழுகிறது என்று யாரிடமாவது சொன்னால் இன்றைக்கு முதலில் வருகிற கேள்வி, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" எங்கள் தோட்டத்தில் 1970களில் டிவியில் கோடு விழுந்தால் முதலில் வந்த கேள்வி, "கம்பத்துல யாரு நிக்கிறா?" நடுவில் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடிவிட்டது. முன்னேற்றம் இல்லாமல் இல்லை. இப்போது கம்பத்தில் நிற்க ஆள் வேண்டாம்.

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. தோட்டத்துக்கு அது வந்து சேர நாளானது. எங்கள் லயம் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போக வேண்டும். (ஊர்ப் பெயரை 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பேருந்தில் ஏறும் எங்கள் கிழவிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.) அந்த வட்டாரத்தில்தான் தென்னமாரம் தோட்டம். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கே போட்டார். பிறகு மலாயாவை வைத்து ஒரு நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். பால்மரத்தை வெட்டிவிட்டு அவருடைய செம்பனையை நட்டுக்கொண்டே போனவர்கள், அது வளர்ந்து ஒருநாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு ஆன்டெனாவை மறைக்கும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். செம்பனை உயர உயர எங்கள் இரும்புப் பைப்புக்கும் ஒரு துண்டு ஒட்டுப் போட வேண்டியிருந்தது.

டிவி கிராணி வீட்டில் இருந்தது. நாலு கால், மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவி கிராணியம்மாவின் இடுப்பில். தமிழ்ப்படம் போடுகிற நாளில் பிள்ளைகள் சிமெண்டுத் தரையில், பெண்கள் கதவோரம், ஆண்கள் வெளியே ஜன்னலில். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எங்கே நிற்பது என்று மண்டோர் சொல்ல வேண்டும். இங்கே யாரும் சொல்ல வேண்டியதில்லை.

படம் கெடுவதில் பல வகை. "கடுகு கொட்டுது" என்றால் சிக்னல் போதவில்லை. "உருளுது" என்றால் பெட்டிக்குப் பின்னால் இருந்த சின்னக் குமிழைத் திருக வேண்டும். கொஞ்சம் கூடத் திருகினால் சிவாஜியின் கால் மேலேயும் தலை கீழேயும் வரும். மழை நின்ற பிறகு படம் மங்கினால் குற்றவாளி ஆன்டெனாவிலிருந்து இறங்கிய பட்டை ஒயர். ஈரம் பட்டால் அதற்கு ஆகாது, துணியால் துடைத்துவிட வேண்டும். எதிலும் சேராத கோளாறுக்குப் பெட்டியின் தலையில் ஒரு தட்டு. அந்த உரிமை கிராணியம்மாவுக்கு மட்டும். உள்ளே தளர்ந்துபோன ஏதோ ஒன்று அதிர்ச்சியில் ஒட்டிக்கொள்ளும் என்று இப்போது விளக்கம் சொல்லலாம். அன்றைக்கு நாங்கள் அதைக் கைராசி என்று எடுத்துக்கொண்டோம்.

மின்சாரம் தோட்டத்து எஞ்சின் கொட்டகையிலிருந்து வந்தது, சாயங்காலம் மட்டும். எஞ்சின் இழுக்க முடியாமல் திணறினால் மின்னழுத்தம் இறங்கும். பழைய படக்குழாயில் படம் நாலு பக்கமும் உள்வாங்கிச் சுருங்கும், ஓரமெல்லாம் கறுப்பு. துரை பங்களாவில் ஏர்கோன் போட்டால் எம்.ஜி.ஆர். இளைத்துப்போவார். இதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை. எஞ்சின்காரர் படம் முடியும்வரை நிறுத்தாமல் இருந்தாலே பெரிய மனசு.

ஆனால் மெயின் வேலை கம்பத்தில்தான். ஒருவன் பைப்பைப் பிடித்துத் திருப்புவான். பின்கட்டில் ஒருவன், ஜன்னலில் ஒருவன், பெட்டிக்கு முன்னால் ஒருவன். செய்தி உள்ளேயிருந்து வெளியே போகும்.

"படம் வந்துருச்சா?"

"கொஞ்சம் கிழக்கால திருப்பு!"

"வந்துருச்சு! வந்துருச்சு!"

"ஐயோ, போச்சுடா!"

"கைய எடுக்காத! அப்படியே நில்லு!"

கையை எடுத்தால் படம் போய்விடுவது பிரமையில்லை. மனித உடம்பும் மின்சாரம் கடத்தும், பக்கத்தில் நின்றாலே ஆன்டெனா வாங்குவது மாறும். அதனால் ஆயாக் கொட்டகை ஆயாவின் மகன், எங்களைவிட நாலைந்து வயசு மூத்தவன், பல படங்களைப் பைப்பைப் பிடித்தபடியே கழித்தான். ஒரு காட்சியும் கண்ணில் பட்டதில்லை. காதில் விழுந்த வசனத்தையும் எங்கள் கூச்சலையும் வைத்துக் கதையைக் கட்டிக்கொள்வான். மறுநாள் வெட்டுக்காட்டில் அவன் சொல்லும் கதை நாங்கள் பார்த்த கதையைவிட நன்றாக இருந்தது. சண்டைக்காட்சி கூடுதலாகவும் இருந்தது.

1978 டிசம்பரில் வண்ண ஒளிபரப்பு வந்தது. பிறகு எங்கள் பக்கமும் முழுநாள் மின்சாரம், வீட்டுக்கு வீடு பெட்டி. கூச்சல் குறைந்தது, கோளாறு குறையவில்லை. 1992 மே 16 அன்று தோமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதி ஆட்டம் கோலாலம்பூரில், இந்தோனேசியாவுக்கு எதிராக. 25 வருடம் கழித்து மலேசியா ஜெயித்த நாள். எங்கள் வீட்டுத் திரையில் ரஷிட் சிடெக்கை ஒட்டி வலப்பக்கம் இன்னொரு மங்கலான ரஷிட் சிடெக், இறகுப்பந்தும் இரண்டு. நிழல் விழுவது என்று அதைச் சொல்வோம். அலை நேராக ஒரு தடவையும், ஏதாவது ஒரு இரும்புத் தொட்டியிலோ புகைபோக்கியிலோ முட்டிக்கொண்டு தாமதமாக இன்னொரு தடவையும் வருகிறது. திரையில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு கோட்டை வரைந்து முடிக்க ஏறக்குறைய 52 மைக்ரோவினாடி. 300 மீட்டர் சுற்றி வந்த அலை ஒரு மைக்ரோவினாடி பிந்தும். 40 சென்டிமீட்டர் அகலத் திரையில் அது முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். ஸ்கேலை வைத்து அளந்தால் குற்றவாளி எத்தனை மீட்டர் சுற்றி வந்தான் என்று சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. "ரெண்டு பேரு ஆடுனா ஜெயிக்காம என்னா?" என்றார்.

இனி லேப்டாப்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, பள்ளிகள் மூடின. 500 பள்ளிகளில் 150,000 மாணவர்களுக்கு லேப்டாப் கொடுப்பதாக 2021 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தது என் மகன் ஆபீஸில் கழித்துப்போட்டது. வந்த கொஞ்ச நாளிலேயே திரையில் இடமிருந்து வலமாகக் கோடு, நடுநடுவே ஒரு மினுக்கு. கம்போங் குவாந்தானுக்கு வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துப் படகேறிப் போய்ப் பார்ப்பது மின்மினி மினுக்குவதைத்தான். எனக்கு அது சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டது.

மகன் ஜொகூரில். அப்போது மாநிலம் தாண்ட முடியாது. "ஒண்ணும் பிரச்சனை இல்லப்பா, நான் இங்கேருந்தே உள்ள வந்து பாக்கிறேன்" என்றான். ஏதோ மென்பொருளை இறக்கச் சொன்னான், ஒரு எண்ணைக் கேட்டான். அடுத்த நிமிடம் என் மேசையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அங்கே திறந்தான், இங்கே மூடினான், டிரைவரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டான். நாலு விசையை ஒன்றாக அமுக்கச் சொன்னான்: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி. திரை ஒருமுறை கறுத்து, ஒரு பீப் அடித்துவிட்டு, அதே கோடுகளோடு திரும்பி வந்தது.

"இப்ப நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

"எங்கடா நல்லாருக்கு? கோடு கோடா இருக்கு."

"என் ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருக்குப்பா. கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

அவன் சொன்னது பொய்யில்லை. அவனுக்குப் போவது கம்ப்யூட்டர் வரைந்து முடித்த படம். கோளாறு அதற்கப்புறம், கண்ணாடிப் பலகைக்குப் போகும் வழியில். கோளாறு அவன் வீட்டுக்குப் போக வழியே கிடையாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலும் அப்படித்தான். கம்பத்தைப் பிடித்தவனுக்குப் படமே தெரியவில்லை, சரி. ரிப்பேர் பார்ப்பவன் கண்ணுக்கு மட்டும் படம் குறையில்லாமல் தெரிவது எந்த ஊர் நியாயம்?

கண்டுபிடித்தது பேத்தி. பத்து வயசு. டிவிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு எச்டிஎம்ஐ ஒயரைச் செருகினாள். டிவியில் படம் சுத்தம். அப்படியானால் உள்ளே கிராபிக்ஸ் பழுதில்லை. அடைத்துத் திறக்கும்போதே எப்2 விசையைத் தட்டினாள். விண்டோஸ் எழுந்திருக்கும் முன்னால் வருகிற நீலப் பக்கத்திலும் கோடு. அப்படியானால் மென்பொருளும் குற்றவாளி இல்லை. கடைசியில் மூடியைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தாள். ஓரிடத்தில் கோடெல்லாம் மறைந்தது. இன்னும் ஒரு விரற்கடை சாய்த்தால் திரும்ப வந்தது.

"தாத்தா, கைய எடுக்காதீங்க!"

மூடியும் உடம்பும் சேரும் கீலுக்குள் ஒரு பட்டை ஒயர் ஓடுகிறது. திறந்து மூடித் திறந்து மூடி அது நொந்துபோகும். அன்றைக்கு மழையில் நனைந்ததும் பட்டை ஒயர்தான், என்ன, இப்போது துணி போட்டுத் துடைக்க முடியாது. பட்டணத்துக் கடை ஒன்றுக்குப் போன் செய்தேன். லேப்டாப்பைப் பார்க்காமலேயே "பேனல் மாத்தணும் அங்கிள்" என்றார்கள். விலையைக் கேட்டதும் நான் மூடிக்குப் பின்னால் ஒரு மைலோ டின்னை முட்டுக்கொடுத்தேன்.

திரை சரியாயிற்று. கேமரா அண்ணாந்துவிட்டது. வகுப்பில் ஆசிரியருக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுக் காற்றாடியும், முருகன் காலண்டரும், பேத்தியின் நெற்றிப்பொட்டும். "மூஞ்சியக் காட்டும்மா" என்பார். காட்டினால் பாடம் தெரியாது. பாடம் தெரிந்தால் மூஞ்சி தெரியாது. கொஞ்ச நாளில் ஆசிரியர் காலண்டரைப் பார்த்தே வருகைப் பதிவு போட்டுவிட்டார்.

ஆன்லைனில் தேடி ஒயருக்கு ஆர்டர் போட்டேன். அது வந்து சேர்வதற்குள் பள்ளி திறந்துவிட்டது. பேட்டரி இணைப்பை முதலில் கழற்றி, கீல் பக்கம் நெம்பி, பழையதை உருவி, புதியதைச் செருகி மேலே ஒரு டேப் ஒட்டினேன். எந்தச் சாய்வில் வைத்தாலும் படம் அசையவில்லை. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நிஜமாவாப்பா? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, பாக்கலாம்."