வக்கீலாக ஆசைப்படும் பிள்ளைக்கு குரூப் பிடித்துத் தருவது எப்படி?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு பிள்ளை "நான் லா படிக்கப் போறேன்" என்று சொன்னால் பதற வேண்டாம். பிளஸ் ஒன் சேர்க்கை முடிவதற்குள் மனதைக் கரைத்துவிடலாம். கரையாத பிள்ளைகளுக்கு மட்டும் கீழ்க்கண்ட வழிமுறைகள்.

1. கண்ணை மூடிக்கொண்டு ஃபர்ஸ்ட் குரூப்பைப் போடுங்கள்

சட்டத்துக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளை கேட்கும். "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். இந்த வாதத்தை முறியடித்த வக்கீல் இன்னும் பிறக்கவில்லை. துணைக்கு ஃபாத்திமா பீவியைக் கூப்பிடுங்கள். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர், பிற்பாடு தமிழக ஆளுநராக இருந்தவர், பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுத்தான் சட்டத்துக்குப் போனார். நாட்டின் முதல் சட்ட அமைச்சர் அம்பேத்கர் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர் என்பதை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

2. விதிமுறைகளைப் படித்துத் தொலைக்காதீர்கள்

ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி.க்கு பிளஸ் டூவில் எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். பொதுப் பிரிவினருக்குக் குறைந்தபட்சம் 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வும் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் சீட்டைத் தீர்மானிக்கிறது. இது பிள்ளையின் காதில் விழுந்தால், "எனக்கு நல்லா வர்ற பாடத்தை எடுத்தா மார்க் கூடுமே" என்று நியாயம் பேச ஆரம்பித்துவிடும்.

3. கிளாட்டைக் காட்டிப் பயமுறுத்துங்கள்

திருச்சியிலும் பெங்களூருவிலும் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தப்புக்குக் கால் மார்க் போகும். அதில் கணக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதுவும் பத்தாம் வகுப்புக் கணக்கு. இந்தப் பத்தில் ஒன்றுக்காக இரண்டு வருஷம் கால்குலஸ் போடச் சொல்லுங்கள். மிச்சமெல்லாம் ஆங்கிலத்தில் பத்தி பத்தியாக வாசித்து, புரிந்துகொண்டு விடை சொல்வது. அதற்கு தினமும் பேப்பர் படிக்க வேண்டும். உங்கள் வீட்டில் பேப்பர் வடையின் எண்ணெய் ஒற்றுவதற்கு வேண்டியிருப்பதால் அது நடக்காது.

4. ஹிஸ்டரி குரூப்பைக் குலப்பெருமைக்குக் கேடாகக் கருதுங்கள்

"பொண்ணு என்ன குரூப்?"

"ஹிஸ்டரி, பெரியப்பா."

"அடடா. மார்க் குறைஞ்சிடுச்சாம்மா?"

"நானூத்தி எழுபத்தெட்டு, பெரியப்பா."

"பரவாயில்ல, விடு. டிஎன்பிஎஸ்சி எழுதிக்கலாம்."

வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் படித்த பிள்ளை, பி.ஏ., எல்.எல்.பி.யின் ஆரம்ப செமஸ்டர்களில் அதே பாடங்களைப் பழகிய முகங்களாகப் பார்க்கும். ஆனால் பெரியப்பாவுக்கு யார் பதில் சொல்வது? காமர்ஸ் என்றால் ஓரளவு சமாளிக்கலாம். பேலன்ஸ் ஷீட் வாசிக்கத் தெரிந்தால் வரி வழக்கிலும் கம்பெனி வழக்கிலும் கை கொடுக்கும். அதைவிட முக்கியம், நடுவழியில் சி.ஏ. பக்கம் திருப்பிவிட வசதி.

5. தமிழை முதலில் கழற்றிவிடுங்கள்

தமிழில் மார்க் போடமாட்டார்கள், பிரெஞ்சு எடுத்தால் அள்ளலாம் என்பது அபார்ட்மென்ட் வாசலில் கிடைக்கும் இலவச ஆலோசனை. தாராளமாக எடுக்கட்டும். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளில் சாட்சி கூண்டேறிப் பேசுவது தமிழில். கட்சிக்காரர் மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டும் பழைய கிரயப் பத்திரத்தில், கிரயம் பெறுபவர் "சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" வேண்டியது என்று மூச்சு விடாமல் ஒரே வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடும். பொதுக்கிணற்றில் எத்தனை பங்கு, வண்டிப்பாதை யாருக்கு என்பதெல்லாம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அப்போது பிரெஞ்சில் சமாளித்துக்கொள்ளலாம்.

6. எல்லாம் தோற்றால் பி.இ.

"முதல்ல இன்ஜினியரிங் முடி, அப்புறம் மூணு வருஷ எல்.எல்.பி. படிச்சுக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம் என்பது உண்மைதான். ஐந்தில் முடிவது ஏழாகும். அதற்குள் ஏதாவது ஐ.டி. கம்பெனி பிள்ளையைக் காப்பாற்றிவிடும்.

இத்தனைக்கும் மசியாமல், விண்ணப்பத்தில் குரூப் கட்டத்தைப் பிள்ளையே பேனாவால் நிரப்பிக்கொண்டு வந்து நின்றால், பேசாமல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எப்படியும் சன்னது வாங்கியதும் முதல் கட்சிக்காரர் பெரியப்பாதான், பங்காளியோடு வரப்புத் தகராறு. அன்றைக்கு அவர் குரூப்பும் கேட்கமாட்டார், ஃபீஸும் தரமாட்டார்.