தேன்மெழுகுக்கே முதல் மரியாதை

கேள்வி: அமெரிக்காவில் ஈயத்தை வீட்டிலேயே உருக்கி வார்த்த குண்டுகளால் இலக்கு பார்த்துச் சுடுகிறார்களாமே, அந்தக் குண்டுக்கு எந்த மசகு நல்லது?

பதில்: எந்த வெடிமருந்து என்று சொல்லுங்கள், மசகைச் சொல்கிறேன்! கருமருந்து என்றால் தேன்மெழுகோடு மாட்டுக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்க்கலாம். பெட்ரோலிய கிரீஸ் பக்கமே போக வேண்டாம். கருமருந்துக் கசடோடு சேர்ந்து தாராக இறுகிக் குழலைப் பாழாக்கும். புகையில்லா மருந்துக்குத் தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகுப்பொருளும் சரிபாதி. குழலின் வரிப்பள்ளங்களில் ஈயம் அப்பாமல் காக்கும். எப்படியும் தேனீயின் தயவு வேண்டும். 1857-இலும் அப்படித்தான்: இந்தியாவில் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு என்று சிப்பாய்கள் கொதித்தபோது, மெழுகும் எண்ணெயும் கலந்து அவர்களே பூசிக்கொள்ளலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி இறங்கி வந்தது. அதற்குள் வதந்தி வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது!