மாடு இருக்குதுங்களே!

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவர்களுக்கு இந்த மனிதரை நன்றாகத் தெரியும். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்குவார். மண்டபம் எது, இணைச்சீர் எத்தனை மணிக்கு, சமையல் யார் என்று பொறுப்பாக விசாரிப்பார். மோர் கொடுப்பார். வந்தவர்கள் எழுந்து, "ரெண்டு நாள் முன்னாடியே வந்துரோணுமுங்க மாமா" என்றதும் அவர் முகம் வாடும். கட்டுத்தரைப் பக்கம் ஒரு பார்வை போகும். ஒரு பெருமூச்சு வரும்.

"வரோணும்னுதான் ஆசை மாப்ளை. மாடு இருக்குதுங்களே!"

இதற்கு மறுபேச்சு கிடையாது. முழங்கால் வலி என்றால் கார் அனுப்புகிறேன் என்பார்கள். சர்க்கரை என்றால் தனிப் பந்தி போடுகிறேன் என்பார்கள். மாட்டுக்கு யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. கேட்டவரே இரக்கப்பட்டு, "அதுவுஞ் செரிதானுங்க" என்று வண்டியைக் கிளப்புவார்.

மாடு என்றால் மந்தை ஏதுமில்லை. இரண்டு காங்கயம் பசு, ஒரு ஜெர்சிக் கலப்பு, ஒரு கன்று. ஜெர்சி சொசைட்டிக் கேனை நிரப்பும், காங்கயம் அவருடைய மார்பை நிரப்பும். காங்கயம் நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கொடுத்தாலே பெரிது. அதிலும் கன்று குடித்தது போக மிச்சம்தான் வீட்டுக்கு. ஆனால் வருகிறவர்களிடம் காட்டுவது அதைத்தான். கொம்பைப் பாருங்க, திமிலைப் பாருங்க என்பார். பின்னால் நின்று குடம் குடமாகப் பால் தரும் ஜெர்சியை எந்த விருந்தாளிக்கும் அறிமுகம் செய்ததில்லை.

காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவில் போய்த் திரும்பக்கூடிய தூரம்தான் அவருடைய உலகம். அதற்குள் ஈரோடு வரும், கோயமுத்தூர் வரும், அவசரமென்றால் திருச்சிகூட வரும். பெங்களூர் வராது. பெங்களூரில்தான் மகன் இருக்கிறான்.

இந்த எல்லைக்கோடு எல்லா நாளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குலதெய்வக் கோயில் கிடா வெட்டு அந்த எல்லைக்கு அப்பால் நடந்தாலும் மாடு அனுமதி கொடுத்துவிடும். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை பார்க்கப் போனால் இரண்டு ராத்திரி தங்குவார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் குதிரை வாங்கியதில்லை, அது வேறு விஷயம். அந்த நாட்களில் யார் கறந்தார்கள் என்று கேட்டால், "ஊட்ல பாத்துக்குவாங்க" என்பார். 'என் கைக்கு மட்டுந்தான் சுரக்கும்' என்று போன வாரம் சொன்ன அதே மாட்டைத்தான்.

உண்மையில் ஜெர்சியைத் தினமும் கறப்பது வீட்டம்மாதான். இவர் கன்றை அவிழ்ப்பார், பிடித்துக் கட்டுவார், தவிட்டுத் தண்ணீர் காட்டுவார், கேனைத் தூக்கி வண்டியில் மாட்டுவார். சொசைட்டியில் ஃபேட் எவ்வளவு, டிகிரி எவ்வளவு என்று அரை மணி நேரம் வாதாடிவிட்டு வருவார். இவ்வளவையும் சேர்த்துத்தான் 'மாடு கறக்கிறேன்' என்பது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் தோட்டத்து வீட்டில் மனிதர் யார், பண்டம் எது என்ற எல்லை அழிந்துபோகும். வெள்ளாடு நான்கு துளி விழுந்தாலே உலகம் முடிந்ததாகக் கத்தும். போட்டுப் பத்து நாள்கூட ஆகாத குட்டிகள் அடுப்படிக்கு வந்துவிடும். அடை வைத்த கோழி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருபத்தோரு நாள் குத்தகைக்கு உட்கார்ந்திருக்கும். அந்த மூலைக்கு யாரும் போகக்கூடாது. தீபாவளிக்கு வந்த பேரன் கழற்றிப் போட்ட புதுச் சட்டையில் ஒரு கையை ஆடு தின்றுவிட்டது என்றால், திட்டு பேரனுக்குத்தான்: "அது எட்டற எடத்துல ஏன் கண்ணு போட்டே?" வெடி வைக்க வேண்டுமா, தார் ரோட்டுக்குப் போக வேண்டும். செனை மாடு மிரளுமாம். பிள்ளைகள் மழைக்கோட்டோடு கால் மைல் நடந்து போய் ஓலைவெடி வைத்துவிட்டு வருவார்கள்.

வெள்ளாடும் கோழியும் வீட்டம்மாவின் தனிக் கணக்கு. அந்தக் காசைத் தொட அவருக்குத் துணிச்சல் கிடையாது. மகளின் காலேஜ் ஃபீஸ், மகனுக்கு முதல் லேப்டாப், இவருக்கே கண் ஆபரேஷன் எல்லாம் ஆடு விற்ற காசு. பால் பணமோ பருத்திக்கொட்டைக்கும் புண்ணாக்குக்கும் தவிட்டுக்குமாகத் திரும்பி மாட்டு வயிற்றுக்கே போய்ச் சேரும். இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டினால், "மாட்டுக்குக் கணக்குப் பாக்கக் கூடாது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் அவருக்கு மனப்பாடம். மகன் நம்பர் கேட்டால் போனைத் தேடுவார்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவர் எங்கும் போகத் தேவையில்லை. எல்லோரும் அவரிடம் வந்தாக வேண்டும். அது பட்டிப் பொங்கல் என்கிற மாட்டுப் பொங்கல். அன்றைக்கு அவர் நடக்கிற நடையே வேறு. விடியும் முன்பே மாடுகளை வாய்க்காலுக்கு ஓட்டிப்போய்த் தேய்த்துக் குளிப்பாட்டுவார். தான் குளிக்கச் சாயங்காலம் ஆகும். கொம்புக்கு என்ன நிறம் அடிப்பது என்பதில் ஆண்டுதோறும் ஒரு சச்சரவு உண்டு. மாப்பிள்ளை ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி. இருவரும் கையில் பெயின்ட் டப்பாவோடு நிற்பார்கள். கடைசியில் ஆளுக்கொரு மாடு என்று தொகுதி உடன்பாடு ஆகும். ஜெர்சிக்குக் கொம்பைச் சின்ன வயதிலேயே சுட்டுவிட்டதால் அது நடுநிலை.

மகன் பெங்களூருக்குப் போய்ப் பத்து வருஷம் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2017 தையில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் சேர்ந்த பிறகு, அவனுக்கு நாட்டு மாட்டின் மேல் அன்பு பொங்கிவிட்டது. அப்பாவுக்கே காங்கயத்தின் பெருமையை வாட்ஸப்பில் அனுப்புகிறான். சாணி அள்ளக் கூப்பிட்டால் மட்டும் மீட்டிங் இருக்கிறது.

பேரனுக்கு வந்த சந்தேகம் இன்னும் பெரிது. தீபாவளிக்கு வந்தபோது கன்று செக்கச் செவேலென்று இருந்தது. பொங்கலுக்கு வந்தால் சாம்பல் பூத்து நிற்கிறது. "அப்பாரு, இது அந்தக் கன்னுக்குட்டி இல்ல. யாரோ மாத்திட்டாங்க!" காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்தில் நிறம் மாறும் என்று அவர் விளக்கினார். பையன் நம்பவில்லை. தன் போனில் இருந்த பழைய படத்தைச் சாட்சியாகக் காட்டினான். பாட்டனும் பேரனும் கன்றின் காது மடலில் இருந்த ஒரு கறுப்புப் புள்ளியை வைத்து வழக்கைத் தீர்த்தார்கள்.

சாயங்காலம் கட்டுத்தரையில் பொங்கல் பொங்கி, தெப்பக்குளம் கட்டுவார்கள். சாணத்தால் கரை எழுப்பித் தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவும் பொங்கல் பூவும் போட்டு வைப்பார்கள். கன்று அதை மிதித்துக் கடக்க வேண்டும். கரைக்கு இந்தப் பக்கம் ஏழெட்டுப் போன்கள் நீட்டிக்கொண்டிருந்தால் எந்தக் கன்று வரும்? அது நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. பின்னாலிருந்து மகன் தள்ள, மாப்பிள்ளை கயிற்றை இழுக்க, அன்றைக்கு மட்டும் இரு கட்சியும் ஓரணியில் நின்றன. குளத்தில் முதலில் இறங்கியது மாப்பிள்ளையின் புது வேட்டி. கன்று அவரைத் தாண்டிப் போனது.

மாசியில் அந்த வீட்டில் நடக்கக் கூடாதது நடந்தது. சென்னையில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். வீட்டம்மா பெட்டியைக் கட்டிவிட்டார். "நாப்பது நாளாகுமுங்க. நீங்கதான் நல்லாக் கறப்பீங்களே?" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

முதல் நாள் காலை ஜெர்சி போசியை உதைத்தது. மறுநாள் அவரை உதைத்தது. கன்றை ஊட்டவிட்டுப் பார்த்தார், காம்புக்கு விளக்கெண்ணெய் தடவினார், பருத்திக்கொட்டையைக் கூட்டிவைத்தார். அது எல்லாவற்றையும் தின்றுவிட்டு, மடியில் இருந்ததை உள்ளேயே இழுத்துக்கொண்டது. கடைசியில் மாட்டு டாக்டருக்குப் போன் அடித்தார்.

"காய்ச்சல் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"தீனி எடுக்குதுங்களா?"

"ரெண்டு பங்கு எடுக்குதுங்க."

"வழக்கமா யாருங்க கறப்பாங்க?"

தோட்டத்துக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "ஊட்லதானுங்க" என்றார். பல வருஷத்து ரகசியம் அன்றைக்கு வெளியே வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பழகிய கை, பழகிய வாடை இருந்தால்தான் மாட்டின் உடம்பில் ஆக்சிடோசின் ஊறிப் பால் இறங்கும். மிரண்டால் நின்றுவிடும். இறங்கின பிறகும் ஐந்தாறு நிமிஷத்துக்குள் கறந்தாக வேண்டும், நடுவில் எழுந்தால் போச்சு. "அம்மா கட்டற பழைய சேலை ஒண்ணை மேல போட்டுட்டு உக்காந்து பாருங்க."

மறுநாள் இருட்டில் அவர் சுங்கடிச் சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜெர்சி ஒருமுறை முகர்ந்தது. பிறகு அசை போடத் தொடங்கியது. பால் நுரைத்து இறங்கிய அந்த நேரத்தில்தான் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பங்குனி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பியவர்கள் வெயிலுக்கு முன் நாற்பது வீடு முடிக்க வேண்டும் என்று இருட்டோடு வந்திருந்தார்கள்.

"அத்தை, நல்லாருக்கீங்களா? மாமா இல்லீங்களா?"

எழுந்தால் பால் நின்றுவிடும். பேசினால் மானம் போய்விடும். அவர் தலையை ஆட்டினார். "செரீங்க அத்தை, திண்ணையில வெச்சுட்டுப் போறோம். மாமனெங்கே வரப்போறாரு, நீங்களாவது வந்துட்டுப் போங்க" என்றது குரல். அதற்கும் தலையை ஆட்டினார்.

அன்றைக்கே சென்னைக்குப் போன் போனது. எப்போது வருகிறாய் என்று நேரடியாகக் கேட்க மனம் வராமல், மழை உண்டா, தண்ணீர் வருகிறதா என்று சுற்றிவளைத்துக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு. "வரோணும்னுதான் இருக்குது. கொழந்தை இருக்குதுங்களே!"

பங்குனியில் மேய்ச்சல் கொறங்காடு காய்ந்து கொழுக்கட்டைப் புல் வேரோடு ஒட்டிக்கொள்ளும். சோளத்தட்டுப்போர் ஒருபக்கம் சரிந்து ஆள் உயரத்துக்கு வந்துவிடும். அப்போது ஆண்டுதோறும் ஒரு சபதம் செய்வார்: "இந்த வருசம் எல்லாத்தையும் வித்துப்போடறேன். நிம்மதியா ஊர் ஊராப் போலாம்." இந்த முறை, சென்னையிலிருந்து திரும்பியிருந்த வீட்டம்மா இதைக் கேட்டபடியே கோழிக்குக் கம்பு தூவிக்கொண்டிருந்தார். காசி, ராமேஸ்வரம் என்று ஊர்ப் பெயர்கள்கூட வந்தன. வீட்டம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கயம் மாட்டைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும். மரத்தடிக்கு மரத்தடி மயிலை, செவலை, காரி என்று கட்டி வைத்திருப்பார்கள். விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. தரகர் துண்டைப் போட்டு மறைத்து, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார். நம்மவர் தன் வயதான மயிலைப் பசுவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கேட்டவர்களுக்கெல்லாம் துண்டுக்குள் அவர் காட்டிய விரல், எந்தப் புத்தியுள்ளவனும் கொடுக்க முடியாத விலை. ஒவ்வொருவராகக் கையை உதறிக்கொண்டு போகப் போக அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. மூன்று நாள் அப்படி விற்றார்.

நான்காம் நாள் மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. மயிலை முதலில் இறங்கியது. அதற்குப் பின்னால் இன்னொன்று இறங்கியது.

"நல்ல சுழியம்மிணி. ரெண்டு பல்லுதான். இந்த வெலைக்கு இனிக் கெடைக்காது" என்றார், யாரும் கேட்காதபோதே.

வீட்டம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். கிடாரியின் மூக்கைப் பிடித்து, கீழ் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார்.

"நாலு பல்லுங்க."

அவர் சட்டென்று தூக்குப்போசியை எடுத்தார். சொசைட்டிக்கு நேரமாகிவிட்டதாம். மணி அப்போது ஒன்று.